நினைவு தப்பாத அடி

துளசிங்கத்துக்குக் கோபம் வந்தால் முதலில் பறப்பது கையில் இருக்கும் பொருள். போன் இருந்தால் போன், டீக் கிளாஸ் இருந்தால் டீக் கிளாஸ். ஒன்றும் இல்லாவிட்டால் கையே பறக்கும். விசைத்தறியில் நூல் அறுந்ததும் கேமரா பார்த்துத் தறியைத் தானாக நிறுத்துகிற கருவியைச் செய்து, திருத்தணி பைபாஸில் மூன்று மாடி எழுப்பி, நகரியிலிருந்து ஈரோடு வரைக்கும் பேர் வாங்கிய மனிதர். "அறைஞ்சாருதான், ஆனா சாயங்காலம் அவரே கூப்ட்டு பிரியாணி வாங்கிக் குடுத்தாரு" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிற ஆட்கள்தான் அவருடைய 'ஊடை டெக்' கம்பெனி முழுக்க. டிரைவர் கஜபதிக்கு ஒரு காது சரியாகக் கேட்காது. ஏன் என்று கேட்டால் சிரிப்பான்.

அவர் மனைவி காஞ்சனாவுக்குச் சிரிப்பு வராது. அவள் முன்பல் ஒன்று கட்டிய பல். சமையலறையில் வழுக்கி விழுந்ததாக அம்மையார்குப்பத்துச் சொந்தபந்தம் அத்தனைக்கும் சொல்லி வைத்திருந்தாள். நம்பாதவர்களும் நம்பியதாகத் தலையாட்டினார்கள். தறிக்காரன் வீட்டில் பிறந்து கம்ப்யூட்டர் கம்பெனி நடத்துகிறவனை எதிர்த்து யார் வாயைத் திறப்பார்கள்? பாதி வீட்டில் அவன் கொடுத்த வேலை இருந்தது.

வலிப்பு வந்தது இதற்கெல்லாம் வெகுநாள் கழித்து. போன வருஷத்துக்கு முந்தின வருஷம். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிற்பாடு எல்லாருமாகச் சேர்ந்து முன்னது பின்னதை வசதியாக மாற்றிக்கொண்டார்கள்.

வேலூரில் பார்த்த டாக்டர் பொறுமைசாலி. காஞ்சனாவைப் பார்த்துத்தான் பேசினார். "வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்கம்மா. இறுக்கிப் பிடிக்காதீங்க. கையில சாவி, இரும்பு எதையும் குடுக்காதீங்க, அதனால ஒண்ணும் நிக்காது. தெளியிறப்ப கொஞ்ச நேரம் ஆள் அடையாளம் தெரியாது, பேர் சொல்ல வராது, பிடிச்சா உதறுவாரு. அவ்வளவுதான். மாத்திரை போட்டுக்கிட்டு எல்லா வேலையும் பார்க்கிறவங்க ஊரு முழுக்க இருக்காங்க." அப்புறம் துளசிங்கத்தின் பக்கம் திரும்பி, "உங்களுக்கு மாத்திரை இன்னும் பிடிக்கல. தூக்கமும் இல்ல. கொஞ்ச காலத்துக்குப் பொறுப்பை வேற யாருகிட்டயாவது குடுங்க" என்றார்.

திரும்பி வரும் வழியில், காருக்குள்ளேயே, துளசிங்கம் ஸ்கேன் கவரைச் சுருட்டிக் காஞ்சனாவின் முகத்தில் மாறி மாறி அடித்தார். "நீதானேடி சொல்லிக் குடுத்த அந்தாளுக்கு? கம்பெனி சேர விட்டு எறங்கினா நான் பொணம்டி. தெரியுமா உனுக்கு, பொணம்!" கஜபதி கண்ணாடியைப் பார்க்காமல் வண்டியை ஓட்டினான். அப்போது துளசிங்கத்துக்கு வலிப்பு வந்திருக்கவில்லை. நினைவு நன்றாக இருந்தது.

பொறுப்பை வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல் இல்லை. காஞ்சனாவின் தம்பி சுதாகர் இருந்தான். கருவியின் மூளையை எழுதியவனே அவன்தான். பாவா, அதாவது அக்கா புருஷன், வெளியில் போய்ப் பேசி விற்பார், சுதாகர் உள்ளே உட்கார்ந்து வேலையை முடிப்பான். பாவா திட்டினால் கேட்டுக்கொள்வான், அடித்தால் துடைத்துக்கொள்வான். காஞ்சனாவுக்கு அவன்மேல் பாசமும் உண்டு, அந்தப் பொறுமையின்மேல் எரிச்சலும் உண்டு.

பிறகு ஒருநாள் மத்தியானம் கம்பெனியின் கீழ்த்தளத்தில், கருவியைச் சோதித்துப் பார்க்கப் போட்டிருந்த விசைத்தறிகளுக்கு நடுவில்தான் அது நடந்தது. கம்பெனிக்குப் பண முதல் போட்டவர்கள் சென்னையிலிருந்து வரப்போகிறார்கள் என்று துளசிங்கம் சில நாளாகத் தூங்கவில்லை. தறி ஓடிக்கொண்டிருந்தது. நூலை அறுத்துக் காட்டச் சொன்னார். சுதாகர் அறுத்தான், தறி நின்றது. "இன்னொரு வாட்டி" என்று சொல்ல வாயைத் திறந்தவர், அப்படியே கட்டைபோல் பின்னால் சாய்ந்தார்.

சாப்பாடு கொண்டுவந்திருந்த காஞ்சனா முதலில் செய்தது கதவைச் சாத்தித் தாழ் போட்டது. முதலாளி வாயில் நுரை தள்ளுவதை ஆட்கள் பார்க்கக் கூடாது. இரண்டாவது செய்தது பெரிய தப்பு. அவளுடைய அப்பாவின் தறிக்கொட்டகையில் ஒரு ஆளுக்கு இந்த நோய் உண்டு. அவன் விழுந்தால் யார் கையில் எது இருந்தாலும் போட்டுவிட்டு, முதலில் கிடைக்கிற இரும்பை எடுத்து அவன் உள்ளங்கையில் திணிப்பார்கள். அம்மையார்குப்பத்தில் பிறந்த யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். டாக்டர் சொன்னதெல்லாம் அந்த நிமிஷத்தில் அவள் மண்டையில் இல்லை, கை மட்டும் வேலை செய்தது. தறிக்குப் போல்ட் முடுக்குகிற நீள ஸ்பேனர் பக்கத்தில் கிடந்தது. எடுத்து அவர் கையில் வைத்து விரல்களை மூடினாள். சுதாகர் அவர் தோளை அமுக்கிப் பிடித்துக்கொண்டான்.

உதறல் நின்றது. துளசிங்கம் கண்ணைத் திறந்தபடியே எங்கேயோ பார்த்தார். தோளை அமுக்கிக்கொண்டிருக்கும் கை யாருடையது என்று அவருக்குத் தெரியவில்லை. உறுமிக்கொண்டு கையை வீசினார். ஸ்பேனர் சுதாகரின் தோள்பட்டையில் விழுந்தது. எலும்பில் இரும்பு பட்ட சத்தம் காஞ்சனாவுக்குக் கேட்டது. சுதாகர் கத்திக்கொண்டு விலகிச் சுவரோரம் போய் உட்கார்ந்தான்.

அந்த அடி நோயுடையது. அதை அவள் ஒருநாளும் மறுத்ததில்லை. நோய் பாதி, ஸ்பேனரைக் கொடுத்த தன் புத்தி பாதி.

அப்புறம் துளசிங்கம் எழுந்து உட்கார்ந்தார். காஞ்சனா தண்ணீர் கொடுத்தாள், குடித்தார். மூக்குக்கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். வேட்டி நனைந்திருப்பதைப் பார்த்து வெட்கப்பட்டு, "துணி எடுத்தாரச் சொல்லு, ஆபீஸ்ல அந்தத் தேவிப்பிரியா பார்க்காம" என்றார். யார் கண்ணில் படக்கூடாது என்பதுவரைக்கும் நினைவு திரும்பிவிட்டது.

சுதாகர் தோளைப் பிடித்துக்கொண்டு சுவரோரத்திலிருந்து சொன்னான்: "பாவா, போதும் பாவா. இப்டியே உட்டா உசுரு போய்டும். கொஞ்ச நாளைக்கு சேர வுட்டுட்டு வைத்தியம் பார்த்துக்கலாம். நான் பார்த்துக்கறேன்."

துளசிங்கம் எழுந்தார். நிதானமாகத்தான் எழுந்தார். ஸ்பேனரைக் கீழே போடாமல் அவனருகே நடந்தார். "சேரு வோணுமாடா சுதாகரு? என் சேரு வோணுமா உனுக்கு?" என்று கேட்டார். சுதாகர் தலையை நிமிர்த்தினான். துளசிங்கம் ஓங்கி அவன் முகத்தில் இறக்கினார். கீழே சாய்ந்தவனை இன்னும் ஒரு தடவை. காஞ்சனா மேலே விழுந்து தடுத்தபோது அவளுடைய விரல் மடங்கி ஒடிந்தது. சுதாகரின் இடது கண் இருந்த இடத்தில் ரத்தம் மட்டும்தான் இருந்தது.

கதவைத் தாழ் போட்டிருந்ததால் வேறு யாரும் பார்க்கவில்லை.

சென்னை ஆஸ்பத்திரியில் கண்ணை எடுத்துவிட்டார்கள். ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே சுதாகரின் மனைவி விஜி, காஞ்சனாவின் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினாள். "நீதானே கையில குடுத்த! உன் புருஷனுக்கு இரும்ப எடுத்துக் குடுத்து எம் புருஷன் கண்ணப் புடுங்கிட்டியேடி பாவி!" நர்ஸுகள் இழுத்தார்கள். காஞ்சனா தடுக்கவில்லை. இன்னும் இரண்டு அடி விழுந்தால்கூடப் பரவாயில்லை என்றுதான் அவளுக்கு இருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் வாங்கியதிலேயே நியாயமான அடி அதுதான்.

ஹேமநாதன் வந்து சேர்ந்தது அதற்கு அடுத்த வாரம். முதல் போட்டவர்களின் ஆள். சலவைச் சட்டை, மெல்லிய குரல், எவ்வளவு பெரிய அசிங்கத்தையும் மடித்துப் பையில் வைத்துவிடக்கூடிய விரல்கள். வீட்டில் சோபாவில் உட்கார்ந்து விளக்கினான். "மேடம், சாருக்கு ஹெல்த் இஷ்யூ. நினைவில்லாத நேரத்துல நடந்த விபத்து. உடல்நலம் காரணமா ஒரு வருஷம் ஒதுங்கி இருக்காரு. சுதாகர் சார் பொறுப்பு எடுத்துக்கிறாரு. குணமானதும் சார் திரும்பி வராரு. போலீஸ், கேஸ்னு போனா கம்பெனி நிக்காது. எத்தனை குடும்பம், யோசிங்க."

"நெனவு இல்லாம நடக்கலிங்க அது" என்றாள் காஞ்சனா.

"அதை நீங்களும் சுதாகர் சாரும் மட்டும்தான் பார்த்தீங்க. அவர் சம்மதிச்சிட்டாரு."

அவள் சுதாகர் வீட்டுக்கு ஓடினாள். பாதி முகம் கட்டோடு கட்டிலில் சாய்ந்திருந்தான். "ஆங், சம்மதிச்சேன்" என்றான். "இன்னாக்கா பண்ணச் சொல்ற? அவரு உள்ள போனா கம்பெனி மூடிடுவாங்க. கண்ணு திரும்பி வரப்போவுதா?"

"ஒரு வருஷம் கழிச்சு அவரு வருவாருடா. அப்ப இன்னொரு கண்ணையும் குடுப்பியா?"

சுதாகர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அவளுக்கும் அப்போது துணிச்சல் இல்லை. ஸ்பேனரைக் கொடுத்தவள் நீதானே என்று யாராவது திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது என்று வாயை மூடிக்கொண்டாள். அவள் வாயைத் திறக்க வைத்தது துளசிங்கமேதான்.

துளசிங்கத்தை வழியனுப்பும் விழா அன்று காலை. விழாதான் அது, பிரிவு உபசாரம் என்று பேனர்கூட அடித்திருந்தார்கள். துளசிங்கம் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாம்பார் ஆறிவிட்டது. காஞ்சனா கிண்ணத்தை எடுக்கக் கையை நீட்டினாள். அவர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார். விரல் ஒடிந்து கட்டுப்போட்டிருந்த அதே கை. மெல்லத் திருகினார். அவள் முட்டி போட்டுத் தரையில் உட்காரும்வரை திருகினார். வலியில் அவளுக்கு மூச்சே வரவில்லை.

பிறகு சிரித்தார். "நான் சீக்காளிடி. இன்னா பண்றேன்னு எனுக்கே தெரியாது. டாக்டரே சொல்லிகீறாரு, ஹேமநாதனும் எழுதிகீறான். இனிமே நீதான் என்கிட்ட ஜாக்ரதையா இருந்துக்கணும்."

கையை விட்டுவிட்டு அடுத்த இட்லியைப் பிட்டார்.

காஞ்சனா தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். இதுவரைக்கும் அடித்துவிட்டுப் பிரியாணி வாங்கித் தந்த மனிதருக்கு இனிமேல் அந்தச் செலவும் கிடையாது என்று அவளுக்குப் புரிந்தது. கோபக்காரன் என்ற பேருக்காவது ஒரு சின்னக் கூச்சம் இருந்தது. நோயாளி என்ற பேருக்கு அதுவும் இல்லை. ஒரு வருஷம் கழித்து அந்தப் பேரோடு இந்த மனிதர் சேருக்குத் திரும்பினால் யாராவது சாவார்கள். அநேகமாகச் சுதாகர், இல்லாவிட்டால் தான். அவளுக்குப் பயம் போய் ஆத்திரம் ஏறியது.

கம்பெனியின் மாடிக் கூடத்தில் ஆட்கள் நிரம்பியிருந்தார்கள். மலைக்கோயிலிலிருந்து யாரோ பஞ்சாமிர்தமும் விபூதியும் கொண்டுவந்து மேஜைமேல் வைத்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே பைபாஸில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. துளசிங்கம் உடல்நலத்துக்காக ஒரு வருஷம் ஒதுங்குகிற அறிவிப்பை எல்லா வாடிக்கையாளர்களுக்கும் அனுப்பத் தயாராக லேப்டாப்போடு ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள் தேவிப்பிரியா. கம்பெனியின் கடிதப் போக்குவரத்தெல்லாம் அவள் பொறுப்பு. விழா முடிந்ததும் பட்டனைத் தட்ட வேண்டும் என்று ஹேமநாதன் சொல்லியிருந்தான்.

மாலை போட்டார்கள். துளசிங்கம் மைக்கைப் பிடித்தார். நன்றாகப் பேசுவார், அதில் குறையே சொல்ல முடியாது. தறிச் சத்தத்தில் படித்த கதை, முதல் கருவி விற்ற கதை, எல்லாம் வந்தது. கடைசியில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு முன்வரிசையில் இருந்த சுதாகரைப் பார்த்துக் கைகூப்பினார். "எம் மச்சான்... எம் புள்ள மாதிரி. நெனவு இல்லாத நேரத்துல இந்தக் கை பண்ண பாவத்துக்கு அந்த முருகன் இன்னா தண்டன குடுத்தாலும் வாங்கிக்கிறேன்." குரல் உடைந்தது. கஜபதி துண்டால் கண்ணைத் துடைத்தான். பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள்.

காஞ்சனா எழுந்து நின்றாள்.

"அன்னிக்கு அடிக்கறப்போ இன்னா சொன்னீங்க? அதயும் சொல்லிடுங்க."

தலைகள் திரும்பின. துளசிங்கம் மைக்கைத் தாழ்த்தி, "உக்காரு" என்றார்.

"சேரு வோணுமாடா சுதாகருன்னு கேட்டீங்களே. பேரச் சொல்லி. தண்ணி குடிச்சிட்டு, கண்ணாடி போட்டுகினு, நடந்து போயி." அவள் ஆட்களைப் பார்த்துத் திரும்பினாள். "கதவத் தாழ் போட்டவ நான். கையில ஸ்பேனரக் குடுத்த கழுதயும் நான்தான். மொத அடி வலிப்புல வந்துது. கண்ணப் புடுங்குன அடி நல்ல நெனவுல அடிச்சது. இதோ இந்தப் பல்ல ஒடச்சப்போ வலிப்பே கெடயாது. கஜபதி காத ஒடச்சப்போவும் கெடயாது. இந்த ஊருல வலிப்பு வர்றவங்க எத்தினி பேரு கீறாங்க, யாரு கண்ணப் புடுங்கிப் போட்டாங்க? அந்த நோயி மேல ஏன்யா பழியப் போடறீங்க?"

"மேடம், ப்ளீஸ்..." என்று ஹேமநாதன் குறுக்கே வந்தான். அவன் வந்து சேருவதற்குள் துளசிங்கம் மேடையிலிருந்து இறங்கிவிட்டார்.

மாலையோடுதான் வந்தார். மைக்கும் கையில் இருந்தது. "காஞ்சனா, வாய மூடுடி நாயே" என்று சொல்லி மைக்காலேயே அவள் வாயில் அடித்தார். அடித்த சத்தம் ஸ்பீக்கர் வழியாகக் கூடம் முழுக்க இடித்தது. அவள் நாற்காலிகளோடு சரிந்தாள். வயிற்றில் ஒரு உதை விழுந்தது. இரண்டாவது உதைக்குக் காலைத் தூக்கியபோதுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார்.

அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தத் தடவை தாழ் போட்ட கதவு இல்லை.

துளசிங்கம் ஒரு நொடி நின்றார். அப்புறம் மைக் கையிலிருந்து நழுவியது. "ஹ்ஹா" என்று ஒரு சத்தம் எழுப்பிக்கொண்டு தரையில் விழுந்து கைகாலை உதறத் தொடங்கினார்.

"ஐயோ, வந்துடுச்சி! இரும்பு, இரும்பு எதுனா குடுங்க!" கஜபதி வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினான். கூட்டம் முன்னால் தள்ளியது.

"யாரும் கிட்டப் போவாதீங்க" என்றாள் காஞ்சனா. வாய் நிறைய ரத்தம் இருந்ததால் சொல் சரியாக வரவில்லை, ஆனாலும் எல்லாரும் நின்றுவிட்டார்கள். நாற்காலியைப் பிடித்து எழுந்து அவர் முகத்தைப் பார்த்தாள். இந்த வலிப்பை அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். வரும்போது அவர் கண் திறந்து மேலே சொருகிக்கொள்ளும். இப்போது, தூங்குவதாக நடிக்கிற சின்னப் பிள்ளைபோல இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டிருந்தார். விழுந்தபோது தலை அடிபடாமல் இருக்க முழங்கையை ஊன்றியதையும் அவள் பார்த்திருந்தாள்.

"நல்லா நெனவோடதான் கீறாரு. உடுங்க" என்றாள்.

கஜபதி சாவியோடு பாதி வழியில் நின்றான். நின்றவன், கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்தான். துளசிங்கம் உதறிக்கொண்டே இருந்தார். மாலை பிய்ந்து ரோஜா இதழ்கள் தரையெல்லாம் சிதறின. யாரும் வரவில்லை என்பது கொஞ்ச நேரத்தில் அவருக்கே தெரிந்திருக்கும். உதறல் இளைத்தது. முதலில் கைகள் நின்றன, கால் மட்டும் இன்னும் கொஞ்சம் ஆடியது, பிறகு அதுவும் நின்றது. கண் மட்டும் திறக்கவில்லை. திறந்தால் எல்லாரையும் பார்க்க வேண்டும்.

தேவிப்பிரியா லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் ஹேமநாதனைக் கேட்கவில்லை. சுதாகரைப் பார்த்துக் கேட்டாள். "சார்... அறிவிப்ப அனுப்பணும். இப்டியேவா அனுப்பறது?"

சுதாகர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். மூடித் தைத்த இமையை ஆட்கள் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தார்கள். அவன் அக்காவின் வாயிலிருந்து சொட்டுகிற ரத்தத்தைப் பார்த்தான், தரையில் கிடக்கிறவரைப் பார்த்தான். ஹேமநாதன் வேகமாகத் தலையை ஆட்டி, வேண்டாம் வேண்டாம் என்று சைகை காட்டினான்.

"உடல்நலம்ன்றத எடுத்துடு" என்றான் சுதாகர். "ஆளுங்கள அடிச்சாரு, அதனால கம்பெனிய விட்டு அனுப்பிட்டோம்னு போடு. திரும்பி வருவாருன்றதயும் எடு."

தேவிப்பிரியா தட்டத் தொடங்கினாள்.

துளசிங்கம் கண்ணைத் திறந்தார்.

"காஞ்சனா" என்றார் தரையில் கிடந்தபடியே. "சீக்காளின்னே போடச் சொல்லும்மா."

பேர் மாறவில்லை, நாக்குக் குழறவில்லை. கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. கஜபதி சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, காஞ்சனாவின் வாயைத் துடைக்கத் தன் துண்டைக் கொடுத்தான்.